தன்னியக்க வணிக முன்கணிப்பு

தன்னியக்க வணிக முன்கணிப்பு என்பது, ஒரு நிறுவனத்தின் கடந்தகால விற்பனை, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் வருகை போன்ற தரவுகளைக் கொண்டு, எதிர்வரும் நாட்களுக்கோ மாதங்களுக்கோ உரிய அளவுகளைக் கணினியின் துணையுடன் தானாக மதிப்பிடும் முறை ஆகும். நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பொருட்களுக்கு ஒவ்வொன்றாகப் புள்ளியியலாளர் ஒருவர் அமர்ந்து கணிக்க வேண்டிய தேவையை இது நீக்குகிறது. புள்ளியியல், செயற்பாட்டு ஆய்வியல், கணினியியல் ஆகிய மூன்று துறைகளும் இதில் சந்திக்கின்றன.

முற்காலத்தில் அரசுகளும் பெருநிறுவனங்களும் மட்டுமே இத்தகைய கணிப்புகளைச் செய்யும் வசதி பெற்றிருந்தன. இன்று விரிதாள் மென்பொருள் ஒன்றை வைத்துள்ள சிறு வணிகரும் இதனைச் செய்ய இயலும். இம்மாற்றத்திற்குக் கணினிகள் மலிந்தது ஒரு காரணம். குறைந்த நினைவகத்தில், குறைந்த கணக்கீட்டில் இயங்கும் எளிய முறை ஒன்று 1950களிலேயே உருவாகிவிட்டது மற்றொரு காரணம். அடுக்குக்குறிச் சீராக்கம் எனப்படும் அம்முறை, பின்னர் தோன்றிய சிக்கலான முறைகளை அளக்கும் அளவுகோலாக இன்றும் விளங்குகிறது.

தேவை

ஒரு கடையோ தொழிற்சாலையோ எவ்வளவு பொருளை வாங்கி வைப்பது என்னும் முடிவை, விற்பனை நிகழும் முன்னரே எடுக்க வேண்டியுள்ளது. சரக்குக்கு ஆணையிட்ட நாளுக்கும் அது வந்து சேரும் நாளுக்கும் இடையே சில நாட்களோ சில மாதங்களோ கழியும். அந்த இடைவெளியில் எவ்வளவு விற்கும் என்பதை ஏதேனும் ஒரு வகையில் கணித்தே ஆக வேண்டும். எழுத்தில் கணக்கிடாத வணிகரும் மனக்கணக்கில் இதனைச் செய்கிறார்.

கணிப்பு மிகையானால் பணம் சரக்காக முடங்கும்; காய்கறி, பால், மருந்து போன்றவை கெட்டுப்போகும் அல்லது காலாவதியாகும். கணிப்பு குறைந்தால் வாடிக்கையாளர் வெறுங்கையுடன் திரும்புவார். பெருநிறுவனம் ஒன்று இத்தகைய இழப்புகளைப் பல பொருட்களிலும் பல கிளைகளிலும் பகிர்ந்து தாங்கிக்கொள்ளும். கைமுதல் குறைந்த சிறு நிறுவனத்துக்கு ஒரு பருவத்தின் தவறான கொள்முதலே கடனாக மாறக்கூடும். எனவே முன்கணிப்பால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்களே நெடுங்காலம் அதனைப் பெற இயலாதவர்களாக இருந்தனர்.

அடிப்படைக் கருத்துகள்

சீரான கால இடைவெளிகளில் பதிவு செய்யப்பட்ட எண்களின் வரிசை காலத்தொடர் எனப்படும். ஒரு கடையின் வாராந்திர அரிசி விற்பனை, ஒரு விடுதியின் அன்றாட அறை நிரப்பு ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். வணிகக் காலத்தொடர் ஒன்றைப் பொதுவாக நான்கு கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பர்.

- மட்டம்: தற்போதைய சராசரி அளவு.
- போக்கு: அம்மட்டம் காலப்போக்கில் உயர்கிறதா, தாழ்கிறதா என்பது.
- பருவம்: ஆண்டுதோறும், மாதந்தோறும் அல்லது வாரந்தோறும் திரும்ப வரும் ஏற்ற இறக்கம்.
- எச்சம்: மேற்கண்டவற்றால் விளக்கப்படாத, தற்செயலான மாற்றம்.

முன்கணிப்பு முறை ஒன்றின் பணி, முதல் மூன்று கூறுகளையும் எச்சத்திலிருந்து பிரித்தெடுத்து அவற்றை எதிர்காலத்துக்கு நீட்டுவதாகும். எச்சத்தைப் போக்கு என்று தவறாகக் கொண்டால், ஒரு வாரத்தின் தற்செயலான விற்பனைக்காகச் சரக்கைக் குவிக்க நேரிடும். போக்கை எச்சம் என்று தள்ளிவிட்டால், மாறிவரும் தேவையைக் காலம் கடந்தே உணர நேரிடும்.

வரலாறு

தொடக்க காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் வணிக முன்கணிப்பு ஒரு தனித் தொழிலாக உருப்பெற்றது. ரோஜர் பாப்சன் 1904 ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் சந்தா செலுத்தியோருக்குப் பொருளாதாரப் புள்ளிவிவரங்களையும் வரைபடங்களையும் அனுப்பி வந்தது. இத்தகைய சேவைகள் நாட்டுப் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியனவாகவே இருந்தன. ஒரு குறிப்பிட்ட கடையில் ஒரு குறிப்பிட்ட பொருள் அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்னும் கேள்விக்கு அவை விடை தரவில்லை.

நிறுவனங்களுக்குள் பெரும்பாலும் நகரும் சராசரி பயன்பட்டது. கடந்த பன்னிரண்டு மாத விற்பனையின் சராசரியே அடுத்த மாதத்துக்கான கணிப்பு என்பது இதன் பொருள். இம்முறையில் இரண்டு குறைகள் உள்ளன. பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய விற்பனைக்கும் சென்ற மாத விற்பனைக்கும் இது சம மதிப்பு அளிக்கிறது. மேலும், ஒவ்வொரு பொருளுக்கும் பன்னிரண்டு எண்களைச் சேமித்து வைக்க வேண்டும். 5,000 பொருட்கள் உள்ள கிடங்குக்கு 60,000 எண்கள் தேவைப்படும். 1954 இல் வெளிவந்த ஐபிஎம் 650 கணினியின் உருளை நினைவகம் 2,000 எண்களை மட்டுமே கொண்டிருந்தது என்பதை நோக்கும்போது இதன் சுமை விளங்கும்.

அடுக்குக்குறிச் சீராக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய ராபர்ட் ஜி. பிரவுன் என்னும் செயற்பாட்டு ஆய்வாளர், நீர்மூழ்கிக் கப்பல்களின் இருப்பிடத்தைத் தொடர்ந்து மதிப்பிடுவதற்கான கணித முறை ஒன்றை 1944 ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அது மின்னணுக் கணினியில் அன்றி இயந்திரக் கணிப்பான் ஒன்றில் இயங்கியது. புதிய அளவீடு ஒன்று கிடைக்கும்போது பழைய மதிப்பீட்டைச் சிறிதளவு திருத்திக்கொள்வதே அதன் சாரம்.

1950களில் பிரவுன் இதே கருத்தைச் சரக்கிருப்புக் கணிப்புக்கு விரிவுபடுத்தினார். கடற்படையின் உதிரிப்பாகங்களுக்கான தேவையைக் கணிப்பது இதன் தொடக்ககாலப் பயன்பாடுகளுள் ஒன்று. நகரும் சராசரியை விட மிகக் குறைந்த தரவைச் சேமித்தால் போதும் என்பதே இம்முறை பரவியதற்கான முக்கியக் காரணம் ஆகும். 1956 இல் ஆர்தர் டி. லிட்டில் நிறுவனத்தின் வழியாகவும், 1959 இல் சரக்கிருப்புக் கட்டுப்பாட்டுக்கான புள்ளியியல் முன்கணிப்பு பற்றிய தமது நூலின் வழியாகவும் பிரவுன் இதனை வெளியிட்டார்.

இதே காலத்தில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் சார்லஸ் ஹோல்ட், பிரவுனின் பணியைச் சாராமல் தனியே இத்தகைய முறை ஒன்றை வகுத்தார். மட்டத்தைப் போலவே போக்கையும் பருவத்தையும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் திருத்தலாம் என்று அவர் காட்டினார். 1957 இல் எழுதப்பட்ட அவரது அறிக்கை நெடுங்காலம் இதழ்களில் வெளிவரவில்லை. 2004 ஆம் ஆண்டிலேயே ஆய்விதழ் ஒன்றில் மீள்பதிப்பிக்கப்பட்டது. அவருடைய மாணவர் பீட்டர் வின்டர்ஸ் 1960 இல் இம்முறையை உண்மையான விற்பனைத் தரவுகளில் சோதித்து வெளியிட்டார். மட்டம், போக்கு, பருவம் மூன்றையும் கையாளும் இம்முறை இன்று ஹோல்ட்-வின்டர்ஸ் முறை என அழைக்கப்படுகிறது.

உதிரிப்பாகங்கள் பலவற்றுக்குப் பல மாதங்கள் விற்பனையே இராது. பின்னர் திடீரெனச் சில விற்கும். இத்தகைய விட்டுவிட்டு வரும் தேவைக்கு, விற்பனை நிகழும் இடைவெளியையும் நிகழும்போது விற்கும் அளவையும் தனித்தனியே சீராக்கும் முறையை ஜே. டி. குரோஸ்டன் 1972 இல் முன்வைத்தார்.

விரிதாள்

1979 இல் டேன் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் ஆகியோர் உருவாக்கிய விசிகால்க் என்னும் முதல் தனிமேசைக் கணினி விரிதாள் வெளிவந்தது. 1983 இல் லோட்டஸ் 1-2-3 மென்பொருளும், 1985 இல் மைக்ரோசாப்ட் எக்செல் மென்பொருளும் வந்தன. நிரல் எழுதத் தெரியாத கணக்கரும் தம் மேசையிலேயே சூத்திரங்களை அமைத்து முன்கணிக்கும் வசதி இவற்றால் ஏற்பட்டது. எனினும், எம்முறையைத் தெரிவது, அதன் மாறிலிகளுக்கு என்ன மதிப்பு அளிப்பது என்பவை பயனரின் பொறுப்பாகவே இருந்தன.

கட்டற்ற மென்பொருள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் தொடங்கிய ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழி கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதன் 1.0.0 பதிப்பு 2000 ஆம் ஆண்டில் வந்தது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராப் ஹைண்ட்மன் ஆர் மொழிக்கான முன்கணிப்புத் தொகுதி ஒன்றை உருவாக்கினார். அத்தொகுதியின் செயல்முறையை அவரும் யாஸ்மின் கந்தகரும் 2008 இல் விளக்கி எழுதினர். அடுக்குக்குறிச் சீராக்கத்தின் பல வடிவங்களையும் ஒரு தரவின் மீது இயக்கிப் பார்த்து, பொருத்தமானதைக் கணினியே தெரிவு செய்வது இதன் சிறப்பு. ஹைண்ட்மன் சந்தித்த வாடிக்கையாளர்களுள் ஒன்று, காகிதத் தட்டு, கைத்துடைப்புத் தாள் போன்றவற்றை உற்பத்தி செய்யும் நிறுவனம் ஆகும். அந்நிறுவனம் மாதந்தோறும் நூற்றுக்கணக்கான பொருட்களுக்குக் கணிப்புச் செய்ய வேண்டியிருந்தது. கோபால் மொழியில் எழுதப்பட்ட அதன் சொந்த மென்பொருள் ஆறு மாதச் சராசரி, பன்னிரண்டு மாதச் சராசரி, நேர்கோட்டு நீட்சி போன்றவற்றையே பயன்படுத்தியதால், பொருத்தமற்ற விடைகளை அடிக்கடி தந்தது. தன்னியக்கத் தெரிவு எத்தகைய நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டது என்பதை இது காட்டுகிறது. ஹைண்ட்மன், ஜார்ஜ் அதனசோபௌலஸ் ஆகியோர் எழுதிய முன்கணிப்புப் பாடநூல் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது.

2016 இல் எக்செல் மென்பொருளில், இரண்டு நிரல்களைத் தெரிவு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் அடுக்குக்குறிச் சீராக்கத்தால் கணித்து வரைபடமும் தரும் வசதி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் கட்டற்ற மென்பொருளான லிப்ரெஓபிஸ் தொகுப்பிலும் இதற்கான சார்புகள் சேர்க்கப்பட்டன. 2017 இல் பேஸ்புக் நிறுவனத்தின் சான் டெய்லர், பென் லெதம் ஆகியோர் உருவாக்கிய புராஃபெட் என்னும் கருவி கட்டற்ற முறையில் வெளியிடப்பட்டது. விடுமுறை நாட்கள், பண்டிகைகள், திடீர்ப் போக்கு மாற்றங்கள் ஆகியவற்றைப் பற்றிய தம் அறிவை, புள்ளியியல் பயிலாத பயனரும் அதில் உள்ளிட இயலும்.

இணையச் சேவைகள்

2010களில் தரவுப் பகுப்பாய்வு இணையவழிச் சேவையாக வழங்கப்படலாயிற்று. தரவைப் பதிவேற்றினால் அட்டவணை, வரைபடம், முன்கணிப்பு ஆகியவற்றை உலாவியிலேயே பெறலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனத்தின் பகுப்பாய்வு மென்பொருளும் இவ்வகையைச் சேர்ந்தது. 2020களில், மிகப் பல காலத்தொடர்களில் முன்கூட்டியே பயிற்றுவிக்கப்பட்ட ஆயத்த மாதிரிகள் வெளிவந்தன. நிக்ஸ்ட்லாவின் டைம்ஜிபிடி 2023 இலும், அமேசானின் குரோனோஸ், கூகுளின் டைம்ஸ்எஃப்எம் ஆகியவை 2024 இலும் அறிமுகமாயின.

கணக்கிடும் முறை

அடுக்குக்குறிச் சீராக்கத்தின் மிக எளிய வடிவத்தைப் பின்வருமாறு கூறலாம்:

புதிய முன்கணிப்பு = பழைய முன்கணிப்பு + ஆல்ஃபா × (உண்மை விற்பனை − பழைய முன்கணிப்பு)

அடைப்புக்குள் இருப்பது சென்ற முறை நிகழ்ந்த பிழை ஆகும். ஆல்ஃபா என்பது சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண். இது சீராக்க மாறிலி எனப்படும். பிழையில் எத்தனை பங்கை நம்பித் திருத்திக்கொள்வது என்பதை இது தீர்மானிக்கிறது. ஆல்ஃபா 0.2 எனவும், முதல் வாரத்துக்கான முன்கணிப்பு 100 எனவும் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்:

- வாரம் 1: முன்கணிப்பு 100, விற்பனை 110, பிழை +10, அடுத்த முன்கணிப்பு 102.
- வாரம் 2: முன்கணிப்பு 102, விற்பனை 95, பிழை −7, அடுத்த முன்கணிப்பு 100.6.
- வாரம் 3: முன்கணிப்பு 100.6, விற்பனை 130, பிழை +29.4, அடுத்த முன்கணிப்பு 106.48.
- வாரம் 4: முன்கணிப்பு 106.48, விற்பனை 105, பிழை −1.48, அடுத்த முன்கணிப்பு 106.18.

மூன்றாம் வாரத்தில் விற்பனை 130 ஆக உயர்ந்தபோதும் முன்கணிப்பு 106 அளவுக்கே உயர்ந்தது. அவ்வுயர்வு தற்செயலானது எனில் இழப்பு சிறிது. நிலையானது எனில் அடுத்தடுத்த வாரங்களில் முன்கணிப்பும் தொடர்ந்து உயரும். ஒவ்வொரு பொருளுக்கும் சேமிக்க வேண்டியது ஒரே ஓர் எண்தான்.

இச்சூத்திரத்தை விரித்து எழுதினால், கடைசி வார விற்பனைக்கு 0.2, அதற்கு முந்தையதற்கு 0.16, அதற்கும் முந்தையதற்கு 0.128 என்றவாறு எடைகள் குறைந்துகொண்டே செல்வதைக் காணலாம். மேலும் பத்து வாரங்கள் பின்னோக்கிச் சென்றால் கடைசி வாரத்தின் 0.2 ஏறத்தாழ 0.02 ஆகிவிடும். எடைகள் ஒரே விகிதத்தில் அடுக்கடுக்காகக் குறைவதாலேயே அடுக்குக்குறிச் சீராக்கம் என்னும் பெயர் வந்தது. ஆல்ஃபா மிகுந்தால் முன்கணிப்பு விரைந்து மாறும். குறைந்தால் மெல்ல மாறும். தற்கால மென்பொருட்கள் கடந்தகாலத் தரவுக்கு மிகவும் பொருந்தும் ஆல்ஃபாவைத் தாமே கண்டறிகின்றன.

தொடக்கத்தில் இம்முறை ஒரு நடைமுறை உத்தியாகவே கருதப்பட்டது. எவ்வகைத் தரவுக்கு இது மிகச் சிறந்த விடையைத் தரும் என்பதை ஜான் மூத் 1960 இல் நிறுவினார். 2002 இல் ஹைண்ட்மன், ஆன் கோலர், ரால்ப் ஸ்னைடர், சிமோன் குரோஸ் ஆகியோர், இம்முறையின் பல்வேறு வடிவங்களையும் பிழை, போக்கு, பருவம் என்னும் மூன்று கூறுகளின் அடிப்படையில் ஒரே புள்ளியியல் சட்டகத்துள் அடக்கினர். ஒற்றை எண்ணை மட்டுமன்றி, உண்மை அளவு எவ்வெல்லைகளுக்குள் அமையக்கூடும் என்னும் முன்கணிப்பு இடைவெளியையும் கணிக்க இதனால் வழி ஏற்பட்டது.

எளிய முறைகளும் சிக்கலான முறைகளும்

1970 இல் ஜார்ஜ் பாக்ஸ், குவிலிம் ஜென்கின்ஸ் ஆகியோரின் நூல் வெளிவந்த பின்னர், நுட்பமான புள்ளியியல் மாதிரிகளே துல்லியமானவை என்னும் கருத்து வலுப்பெற்றது. அவற்றைப் பொருத்துவதற்குப் பயிற்சி பெற்ற வல்லுநர் தேவைப்பட்டார். ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ், மிசேல் இபோன் ஆகியோர் 1979 இல் 111 காலத்தொடர்களை ஆராய்ந்து, எளிய முறைகள் பல நேரங்களில் சிக்கலான முறைகளுக்குக் குறையாதவை என்று அறிவித்தனர். புள்ளியியலாளர் பலர் இம்முடிவை ஏற்கவில்லை. முறைகளைக் கையாண்டவர்களின் திறன் குறைவே காரணம் என்றும் கூறினர். வல்லுநர்களே தத்தம் முறைகளைக் கொண்டு பங்கேற்கும் போட்டியை நடத்துவதே மக்ரிடாகிஸ் அளித்த விடையாயிற்று.

- முதல் போட்டி 1982 இல் 1,001 காலத்தொடர்களைக் கொண்டு நடந்தது. எளிய முறைகளின் தகுதி மீண்டும் உறுதியானது. பல முறைகளின் விடைகளைச் சராசரியாக்குவது பயன் தரும் என்பதும் தெரியவந்தது.
- 2000 இல் முடிவுகள் வெளியான மூன்றாம் போட்டியில் 3,003 காலத்தொடர்கள் இடம்பெற்றன. முதலிடம் பெற்ற தீட்டா முறையும் எளியதொன்றே.
- 2018 இல் நடந்த நான்காம் போட்டியில் 1,00,000 காலத்தொடர்கள் இருந்தன. இயந்திரக் கற்றலை மட்டும் நம்பிய முறைகள் பின்தங்கின. அடுக்குக்குறிச் சீராக்கத்தையும் நரம்பியல் வலையமைப்பையும் இணைத்த ஸ்லாவெக் ஸ்மைலின் முறை வென்றது.
- 2020 இல் நடந்த ஐந்தாம் போட்டியில் வால்மார்ட் நிறுவனத்தின் பத்துக் கடைகளில் 3,049 பொருட்களின் அன்றாட விற்பனை அளிக்கப்பட்டது. இதில் முதன்முறையாக இயந்திரக் கற்றல் முறைகள் தெளிவாக முன்னிலை பெற்றன. வென்றவர் தென் கொரியாவைச் சேர்ந்த ஓர் இளங்கலை மாணவர்.

ஐந்தாம் போட்டியின் முடிவு இரு வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரே வகையான ஆயிரக்கணக்கான தொடர்கள் ஒருங்கே கிடைக்கும்போது, ஒன்றிலிருந்து கற்றதை மற்றொன்றுக்குப் பயன்படுத்த இயந்திரக் கற்றலால் முடிகிறது. ஆயினும், பங்கேற்ற ஆயிரக்கணக்கான அணிகளுள் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவானவையே அடுக்குக்குறிச் சீராக்கத்தை அடிப்படையாகக் கொண்ட ஒப்பீட்டு முறையை மிஞ்சின. சில பத்துப் பொருட்களும் சில ஆண்டுத் தரவும் மட்டுமே கொண்ட நிறுவனத்துக்கு எளிய முறை இன்றும் நல்ல தொடக்கம் என்பதை இது உணர்த்துகிறது.

முன்கணிப்பும் முடிவும்

முன்கணிப்பு வேறு, எவ்வளவு வாங்குவது என்னும் முடிவு வேறு. சராசரியாக நாள் ஒன்றுக்கு 100 அப்பம் விற்கும் அடுமனை 100 அப்பம் சுடுவதே சரி என்று கூறிவிட முடியாது. ஓர் அப்பத்தின் அடக்கவிலை 20 ரூபாய், விற்பனை விலை 30 ரூபாய், மிஞ்சியதற்கு மதிப்பில்லை எனக் கொள்வோம். ஓர் அப்பம் குறைந்தால் இழப்பு 10 ரூபாய். ஓர் அப்பம் மிஞ்சினால் இழப்பு 20 ரூபாய். இந்நிலையில், தேவை முழுவதும் நிறைவேறுவதற்கான வாய்ப்பு 10 ÷ (10 + 20), அதாவது மூன்றில் ஒன்றாக அமையும் அளவே சிறந்தது. தேவை இயல்நிலைப் பரவலைப் பின்பற்றி, அதன் திட்ட விலக்கம் 20 ஆக இருந்தால், அவ்வளவு ஏறத்தாழ 91 ஆகும். அடக்கவிலை 10 ரூபாயாகக் குறைந்தால் வாய்ப்பு மூன்றில் இரண்டாகி, சிறந்த அளவு ஏறத்தாழ 109 ஆக உயரும். இரண்டு நிலைகளிலும் முன்கணிப்பு ஒன்றே, முடிவுகள் வேறு.

செய்தித்தாள் விற்பவர் கணக்கு எனப்படும் இதன் வேர், வங்கிகள் வைத்திருக்க வேண்டிய பண இருப்பைப் பற்றி எட்ஜ்வொர்த் 1888 இல் செய்த ஆய்வில் உள்ளது. ஒற்றை எண்ணை மட்டும் காட்டி, அதன் நிச்சயமின்மையைக் காட்டாத மென்பொருள் இக்கணக்கைச் செய்வதற்கு உதவாது.

துல்லியத்தை அளத்தல்

ஒரு முறை கடந்தகாலத் தரவுக்கு நன்கு பொருந்துவதால் மட்டும் எதிர்காலத்தை நன்கு கணிக்கும் என்று கொள்ள இயலாது. எனவே தரவின் கடைசிப் பகுதியை மறைத்து வைத்து, முந்தைய பகுதியைக் கொண்டு கணித்து, பின்னர் மறைத்த பகுதியுடன் ஒப்பிடுவர்.

பிழையை விற்பனையின் நூற்று வீதமாகக் கூறுவது வணிகர்களிடையே பரவலாக உள்ளது. ஆனால் விற்பனை சுழியாக உள்ள நாட்களில் இதனைக் கணக்கிடவே இயலாது. 2006 இல் ஹைண்ட்மன், கோலர் ஆகியோர், கடைசி மதிப்பே தொடரும் என்னும் வெகுளிக் கணிப்பின் பிழையோடு ஒப்பிடும் அளவையை முன்மொழிந்தனர். இதன் மதிப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால், அம்முறை வெகுளிக் கணிப்பை விடவும் மோசமானது எனப் பொருள். விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளையும் இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம்.

குறைகளும் எல்லைகளும்

விற்பனையும் தேவையும் ஒன்றல்ல. சரக்கு தீர்ந்துபோன நாளில் விற்பனை சுழியாகப் பதிவாகும். ஆனால் கேட்டு வந்தோர் பலர் இருந்திருக்கலாம். இதனை அறியாத மென்பொருள் தேவை குறைந்துவிட்டதாகக் கருதி, அடுத்த முறை இன்னும் குறைவாக வாங்கச் சொல்லும். சரக்கில்லாத நாட்களைத் தனியே குறித்து வைக்காத பதிவேடு, எவ்வளவு சிறந்த முறையையும் வழிதவறச் செய்யும்.

நகரும் பண்டிகைகள் மற்றொரு சிக்கல் ஆகும். தீபாவளி 2023 இல் நவம்பர் 12 அன்றும், 2024 இல் அக்டோபர் 31 அன்றும் வந்தது. ரமழான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்கிறது. ஆங்கில மாதங்களைக் கொண்டே பருவத்தை அறியும் மென்பொருள், சென்ற ஆண்டு நவம்பரில் நிகழ்ந்த துணி விற்பனையை இவ்வாண்டும் நவம்பரிலேயே எதிர்பார்க்கும். பண்டிகை நாட்களைத் தனியே உள்ளிடுவது இதற்குத் தீர்வாகும்.

எல்லா முறைகளும் எதிர்காலம் கடந்தகாலத்தை ஒத்திருக்கும் என்னும் எடுகோளின் மீது நிற்கின்றன. 2020 இல் கொரோனா பெருந்தொற்றினால் ஊரடங்கு வந்தபோது இவ்வெடுகோள் ஒரே நாளில் உடைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் கணினி மதிப்பீட்டின் துணையுடன் வீடுகளை வாங்கி விற்று வந்த ஜில்லோ நிறுவனம், விலைகளை முன்கணிப்பதிலுள்ள நிச்சயமின்மையைக் காரணம் காட்டி 2021 நவம்பரில் அப்பிரிவை மூடுவதாகவும், ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் குறைப்பதாகவும் அறிவித்தது. தரவும் வல்லுநர்களும் மிகுந்த நிறுவனத்துக்கும் இத்தகைய இடர் உண்டு என்பதற்கு இது சான்று.

கணிப்பு தானாக நிகழும்போது அதன் தவறும் தானாகத் தொடரும். பிழைகள் தொடர்ந்து ஒரே திசையில் குவிந்தால் எச்சரிக்கும் குறியீட்டு முறையை டி. டபிள்யூ. டிரிக் 1964 இல் முன்வைத்தார். கூடுதலாகவும் குறைவாகவும் மாறிமாறி வரும் பிழைகள் இயல்பானவை. தொடர்ந்து ஒரே பக்கம் விழும் பிழைகள் முறை பழுதுபட்டதைக் குறிக்கும்.

இணையச் சேவைகளைச் சார்ந்திருப்பதும் கவனத்துக்குரியது. தரவு பிறர் கணினியில் இருக்கும். சேவை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அமேசான் நிறுவனம் 2019 இல் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த முன்கணிப்புச் சேவை, 2024 இல் புதிய வாடிக்கையாளர்களை ஏற்பதை நிறுத்தியது. தரவைப் பொதுவான கோப்பு வடிவில் தம்மிடமே வைத்திருப்போர் வேறொரு கருவிக்கு எளிதில் மாறிக்கொள்ள இயலும்.

சிறு நிறுவனங்களில் நடைமுறைப்படுத்துதல்

சிறு நிறுவனம் ஒன்று விரிதாளைக் கொண்டே இதனைத் தொடங்கலாம். பொதுவாகப் பின்பற்றத்தக்க படிகள் வருமாறு:

1. நாள், பொருள், விற்ற அளவு ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் பதிதல். சரக்கில்லாத நாட்கள், விலைக்கழிவு அளித்த நாட்கள், பண்டிகை நாட்கள் ஆகியவற்றைத் தனி நிரலில் குறித்தல்.
2. கணக்கிடும் முன்னர் தரவை வரைபடமாக வரைந்து பார்த்தல். தவறான பதிவுகள் பல கண்ணுக்கே தெரியும்.
3. எடுக்கவேண்டிய முடிவுக்கு ஏற்பக் கால அலகைத் தெரிதல். வாரம் ஒருமுறை கொள்முதல் செய்வோருக்கு வாராந்திரத் தரவே போதும்.
4. வெகுளிக் கணிப்பை முதலில் செய்து, அதன் பிழையை அளத்தல்.
5. அடுக்குக்குறிச் சீராக்கத்தைச் செய்து, வெகுளிக் கணிப்பை விடச் சிறந்ததா என மறைத்து வைத்த தரவில் சோதித்தல். ஆண்டுப் பருவத்தைக் கண்டறியக் குறைந்தது இரண்டு ஆண்டுத் தரவு தேவை.
6. மிகுதியால் வரும் இழப்பையும் குறைவால் வரும் இழப்பையும் ஒப்பிட்டு, வாங்கும் அளவை முடிவு செய்தல்.
7. ஒவ்வொரு முறையும் பிழையைப் பதிந்து வருதல்.

கணினி அறியாத செய்தியை வணிகர் அறிந்திருக்கும் இடங்களில் முன்கணிப்பைக் கையால் திருத்துவது பொருத்தமானது. அருகில் புதிய கடை திறக்கப்படுவது, சாலை மூடப்படுவது, பெரிய ஆணை ஒன்று வரவிருப்பது போன்றவை கடந்தகாலத் தரவில் இரா. இவ்வாறு செய்த திருத்தங்களையும் அவற்றின் காரணங்களையும் எழுதி வைத்தால், அவை பயன் தந்தனவா என்பதைப் பின்னர் அறியலாம். காரணமின்றி உள்ளுணர்வால் செய்யும் சிறு திருத்தங்கள் பல நேரங்களில் துல்லியத்தைக் குறைப்பனவாகவே உள்ளன.

கணக்கீடு இன்று எவருக்கும் எட்டும் நிலையில் உள்ளது. ஒழுங்கான பதிவேடும், எந்தத் தவறு எவ்வளவு இழப்பைத் தரும் என்னும் அறிவும் மென்பொருளில் கிடைப்பவை அல்ல. அவற்றை அந்தந்த நிறுவனமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- காலத்தொடர்
- நகரும் சராசரி
- சரக்கிருப்பு மேலாண்மை
- செயற்பாட்டு ஆய்வியல்
- விரிதாள்
- இயந்திரக் கற்றல்
- கட்டற்ற மென்பொருள்